பேரத்தில் நின்ற குச்சி

தாசம்பாளையத்து மாட்டுச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு, அதை யாரும் எழுதி வைத்ததில்லை, எழுதி வைத்திருந்தால் என்றைக்கோ எவனாவது அதில் ஓட்டை போட்டிருப்பான்: விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்கு அடியில் போய்விட்டால், பேரம் படிந்தோ முறிந்தோ கைகள் வெளியே வருகிற வரைக்கும், அந்த மாடு விற்கிறவனுக்கும் சொந்தமில்லை, வாங்குகிறவனுக்கும் சொந்தமில்லை, கயிற்றை யாரும் தொடக்கூடாது, அது நின்ற இடத்தில் நிற்கும். வெயிலானாலும் நிற்கும், மழையானாலும் நிற்கும், பக்கத்தில் பருத்திக்கொட்டையைக் கொட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் நிற்கும், ஏனென்றால் தாசம்பாளையத்து மாடுகளுக்கு அந்தச் சட்டம் தெரியும். ஆறுக்குட்டித் தரகரின் குச்சிக்கும், மேஜையில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற பில்லியர்ட்ஸ் குச்சிக்கும், அது தெரிந்திருந்தது என்பதுதான் விஷயம்.

ஆறுக்குட்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதே மழைக்குத்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அடி வாங்கி, ஏமாந்து, ஏமாற்றியவனைத் தேடிப் போய் அடித்து, அப்படியே வளர்ந்து தரகரானவர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயசு, வாலைத் தூக்கிப் பார்த்தால் வரப்போகிற ஈத்து, மாட்டுக்காரன் மூஞ்சியைப் பார்த்தால் அவன் மறைக்கிற நோய், எல்லாம் தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் நெருப்பு. ஆனால் துண்டுக்குள் போய்விட்டால் அந்தக் கைக்கு நிகரான கை கொங்கு நாட்டில் இல்லை என்பதை அவருடைய எதிரிகள்கூட ஒத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டு விரலைப் பிடித்தால் இன்னொரு கணக்கு, விரல் கணுவில் அழுத்தினால் அதில் பாதி. முகத்தில் ஒன்றும் தெரியாது, வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். உலகத்தில் விலையில்லாத பொருள் கிடையாது, விலை சொல்லத் தெரியாதவன்தான் உண்டு என்று சந்தை வாசலில் நின்று தினமும் ஒருத்தனிடமாவது சொல்லுவார். அந்தப் பேச்சுக்கு அவர் விதிவிலக்காக வைத்திருந்தது ஒன்றே ஒன்று, அதுதான் அந்தக் குச்சி.

மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து கிளப்பை மூடியபோது, மேனேஜருக்குக் கறவை மாடு ஓட்டிக்கொண்டு போனவர், தரகுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். சிவந்த நிறத்து மரம், பிடிப் பக்கம் கறுப்பு. எடுப்பதற்கு முன்னால் மாட்டைப் பார்க்கிற மாதிரியே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரத்தின் ரேகையில் பிடிக்குச் சற்று மேலே ஒரு சுழி இருந்தது, மாட்டுக்கு அந்த இடத்தில் அப்படி ஒரு சுழி விழுந்தால் கொண்டவன் குடும்பம் தழைக்கும் என்பது தரகர்களின் கணக்கு. அன்றைக்கே அதற்குச் செவலை என்று பேர் வைத்துவிட்டார். நல்லெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மனைவி மயிலாத்தாளின் கூறைப் புடவையில் ஒரு முழம் கிழித்துச் சுற்றி வைத்தார். அந்தக் கிழிசலுக்காக மயிலாத்தாள் பேசிய பேச்சு தனி. "இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்திருந்தாக்கூட அவளுக்குப் புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பீங்க, இந்தச் செவலைக்கு எம்பட கூறைதான் வேணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு சோறு போடும்போதெல்லாம் "உங்க சின்ன ஊட்டுக்காரி சாப்பிட்டாளாங்க?" என்று விசாரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

சந்தை முக்கில் பஞ்சர்க் கடைக்கு மேலே ஜமால் ராவுத்தரின் பில்லியர்ட்ஸ் கிளப் இருந்தது. ஒரே அறை, இரண்டு மேஜை, பச்சைத் துணியில் பீடி விழுந்த ஓட்டைகள். சந்தை கலைந்ததும் தரகர்களெல்லாம் அங்கே ஏறிவிடுவார்கள். காலையில் விரலால் ஆடியதைச் சாயங்காலம் குச்சியால் ஆடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறுக்குட்டி செவலையைப் பிடித்துக் குனிந்தால் பந்துகள் தாமாகவே குழியைத் தேடிப் போகும். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. தொட்ட ஒருத்தன் மாடிப்படியில் உருண்ட சத்தத்தைப் பஞ்சர்க் கடைக்காரன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்த வருசம் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர் எஸ்தர் டாக்டரம்மா. குன்னூர்க்காரர். அப்பா அங்கே ஒரு கிளப்பில் பந்து அடுக்கிக் கொடுக்கிற வேலை பார்த்தவர், அதனால் டாக்டரம்மா எழுத்துக்கு முன்னாலேயே குச்சி பிடிக்கப் படித்தவர். ஒரு வியாழக்கிழமை, சந்தையில் செத்துப் பிழைத்த ஒரு எருமையின் வயிற்றிலிருந்து தலை மாறிக் கிடந்த கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் டெட்டால் வாசனையோடு கிளப்பின் படியேறி வந்தார். பொம்பளை ஏறி வந்ததில்லை என்று தரகர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். ராவுத்தர் மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்று டாக்டரம்மா கேட்டபோது சுவரில் சாய்ந்திருந்த குச்சிகளெல்லாம் வில் மாதிரி வளைந்திருந்தன. காலையில் அந்த எருமைக்குத் தரகு பேசியவர் ஆறுக்குட்டிதான். கன்று விழுந்ததைப் பார்த்த கை, யோசிக்காமல் செவலையை நீட்டிவிட்டது.

டாக்டரம்மா குனிந்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகள் போயின, போய்க்கொண்டே இருந்தன, கடைசியில் அடிக்கிற வெள்ளைப் பந்தும், விழுந்தால் ஆட்டம் முடிகிற எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தும் மட்டும் மேஜை மேல் மிஞ்சின. கறுப்பை அடிக்காமல் நிமிர்ந்து, குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடியைத் தடவி, உரியவரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, இதுக்கு என்ன விலை?"

பக்கத்து மேஜையில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"டாக்டரம்மா," என்றார் ஆறுக்குட்டி, காது நுனி சிவக்க, "எம் பொண்டாட்டிக்கு என்ன வெலைன்னு நீங்க கேட்டிருந்தாக்கூட, ஏதோ வெளியூர், வெவரம் தெரியாமக் கேக்கறாங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பனுங்க."

"விலைக்கு இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. எதுக்குக் கத்தறீங்க? விலையில்லாத பொருளே கிடையாதுன்னு சந்தை வாசல்ல நின்னு சொல்றவர் நீங்கதானே?"

பின்னால் நின்ற நாச்சிமுத்து, ஆறுக்குட்டிக்கு ஜென்மப் பகையான இன்னொரு தரகர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. ஆறுக்குட்டிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை உருவி, "கேக்கறதுன்னா மொறையாக் கேளுங்க! கைய உடுங்க பாக்கலாம்!" என்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒரு பொம்பளை, அதுவும் படித்த பொம்பளை, நாலு பேர் பார்க்க ஒரு ஆம்பளையின் துண்டுக்குள் கையை விடமாட்டாள் என்பது அவருடைய கணக்கு. காலையில்தான் அந்தக் கை எருமையின் வயிற்றுக்குள் தோள் வரைக்கும் போய் வந்தது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. துண்டை விரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குச்சியை விட்டிருந்ததையும் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா கையை உள்ளே விட்டார். விரலைப் பிடிக்கவில்லை, கணுவைத் தொடவில்லை. உள்ளங்கையை முழுசாக விரித்து ஆறுக்குட்டியின் உள்ளங்கை மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீ சொல்வதே விலை, சொல்.

தன் வாழ்நாளில் யாரும் அப்படி அழுத்தி ஆறுக்குட்டி அறிந்ததில்லை. எதிர்த்து நிற்கிற கையை வளைக்கத் தெரியும், ஒளிகிற கையைப் பிடிக்கத் தெரியும், நடுங்குகிற கையைத் தேற்றத் தெரியும். விரிந்து கிடக்கிற கையை என்ன செய்வது என்று தெரியாமல், கொதிக்கிற இட்லிக் குண்டானைத் தொட்டவர் போலக் கையை வெளியே இழுத்துக்கொண்டார். படியவும் இல்லை, முறியவும் இல்லை. அப்புறம்தான் எல்லாரும் பார்த்தார்கள். குச்சி கீழே விழவில்லை. விட்ட இடத்திலேயே, மேஜைக்கு ஒரு முழம் மேலே, நுனி கறுப்புப் பந்தைப் பார்க்க, படுத்த வாக்கில் காற்றில் நின்றது.

"பேரம் முடியலியே மாப்ளே," என்றார் ராவுத்தர், சாவகாசமாக. "எப்படி விழும்?"

எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். ஆறுக்குட்டி ஒற்றைக் கையால் இழுத்தார், இரண்டு கையால் இழுத்தார், காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினார், குச்சி ஊஞ்சலாகக்கூட ஆடவில்லை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்டாச்சுண்ணா. பதில் உங்க கையில இருக்கு, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சூளேசுவரன் தோட்டத்தில் ஒரு பசு வயிறு உப்பிக் கிடந்தது, அதற்கு நேரமாகிவிட்டது.

தாசம்பாளையம் பெரிதாக ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் அந்த மேஜையில் ஆடுகிறவர்கள் குச்சிக்குக் கீழே குனிந்து ஆடப் பழகினார்கள், பிறகு அப்படிக் குனிந்து ஆடுவதே சரியான முறை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு கறுப்புப் பந்தைத் தொடாமல் ஆடுவது என்று ஒரு புது ஆட்டமே உண்டாகி அதில் கெட்டிக்காரர்களும் உண்டானார்கள். மழைக்காலம் வந்ததும் யாரோ ஒரு குடையை அதில் மாட்டினார்கள், ஒரு குடை மாட்டிய இடத்தில் பத்துக் குடை தானாக வந்தது, குடைக்குப் பக்கத்தில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி, தூக்குப்போசிக்குப் பக்கத்தில் தையற்காரர் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகள். கேபிள்காரன் இதுதான் சாக்கென்று ஒயரை அதன் மேலாக இழுத்துக்கொண்டு போனான். பேரூராட்சியிலிருந்து வந்தவர் நாடாவால் அளந்து பார்த்து, தரையைத் தொடாததால் இது ஆக்கிரமிப்பில் வராது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி இது அம்மன் வேலை என்றார், பள்ளிவாசல் இமாம் இதைக் கும்பிடக்கூடாது, குடை மாட்டலாம் என்றார், இரண்டு பேருக்கும் அதில் சண்டை வரவில்லை. பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டு கிடந்த அண்ணன் தம்பிகள் வந்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டார், இதன் கீழே உட்கார்ந்து பேசினால் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கையில் சில கல்யாணங்களும் நடந்தன. மாட்டுக்காரர்கள் சந்தைக்குப் போகிற வழியில் நின்று, பஞ்சர்க் கடை மாடியை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ராவுத்தர் டீயோடு போண்டாவும் போட ஆரம்பித்தார். குச்சி விழுந்துவிடுமோ என்று பயந்தவர்கள் மெல்ல மெல்லக் குறைந்து, அது விழாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் ஊரில் அதிகமாகிவிட்டார்கள்.

அது நின்றதில் கெட்டது ஆறுக்குட்டியின் பிழைப்பு ஒன்றுதான்.

அடுத்த சந்தையில் துண்டை எடுத்து நீட்டினார். எதிரே நின்ற விவசாயி கையைக் கட்டிக்கொண்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா. உங்க பேரம் ஒண்ணு தொறந்து கெடக்குதுங்க. அது மூடாம இன்னொரு துண்டு விரிக்கலாங்களா? மாடு கெட்டுப் போயிருமுங்க."

"அது மாடில்லீடா! குச்சி!"

"நிக்குதுங்களே," என்றான் அவன், மாடியைக் கண்ணால் காட்டி.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், ஏனென்றால் இதே சட்டத்தைச் சொல்லி எத்தனையோ பேரை அவரே நிறுத்தி வைத்திருக்கிறார். சந்தைக்குச் சந்தை வாசலில் நின்றார். அவருடைய மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நாச்சிமுத்துவின் துண்டுக்குப் போனார்கள். கை சும்மா இருந்து சும்மா இருந்து விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு நாள் வீட்டில் சூடான டம்ளரைப் பிடித்துவிட்டு அது சூடா ஆறியதா என்று மயிலாத்தாளைக் கேட்டார், அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. குச்சி போனால் போகட்டும், அந்தக் கை போனால் குடும்பம் எதில் நிற்கும்?

பலத்தாலும் பார்த்துவிட்டார். நல்ல காங்கேயம் காளை ஒரு ஜோடியைப் பிடித்து வந்து, குச்சியில் வடத்தைக் கட்டி, ஜன்னல் வழியாகத் தெருவில் இறக்கி, நுகத்தில் பூட்டி ஓட்டினார். காளைகள் இழுத்தன. ஜன்னல் வந்தது, ஜன்னலோடு பாதிச் சுவரும் வந்தது, சுவரோடு பஞ்சர்க் கடையின் பெயர்ப் பலகையும் வந்தது, குச்சி மட்டும் வரவில்லை. அதன் பிறகு காளைகள் அண்ணாந்து மாடியைப் பார்த்தன, பார்த்துவிட்டு நடுத்தெருவில் படுத்துக்கொண்டன, அடித்தும் எழுந்திருக்கவில்லை. பேரத்தில் நிற்கிற உருப்படியைத் தங்களை வைத்து இழுக்கச் சொன்ன மனிதனை அவை அதன்பிறகு மதிக்கவே இல்லை.

"சொவத்துக்கு யாரு பதில் சொல்றது மாப்ளே?" என்று கத்திக்கொண்டு இறங்கி வந்த ராவுத்தர், தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார். உடைந்த சுவர் வழியாகக் குச்சியும் குடைகளும் ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. "சரி, கெடக்குது போ. இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போண்டா சட்டியைத் தெருவுக்கு மாற்றினார்.

அன்றைக்கு மயிலாத்தாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, அந்தம்மா என்னதான் அழுத்துச்சு?"

துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. ஆனாலும் மூடாத பேரம் என்பதால் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

தரகர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அது போதும். "ஆத்தாடி! நீங்க சொல்றதுதான் வெலையா? அப்பறம் என்னங்க, ஒண்ணச் சொல்லிப்போட்டு வர்றதுக்கென்ன?"

"என்னத்தச் சொல்றது? கொஞ்சமாச் சொன்னா, எஞ் செவலை அவ்வளவுதானான்னு ஊரு கேக்கும். நெறையச் சொன்னா?"

"நெறையச் சொல்லுங்க."

"அதையும் குடுத்துரும் அந்தம்மா. குடுத்துட்டுக் கொண்டு போயிரும்."

"அப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"வெலை கேட்டவனுக்கு வேண்டாம்னு சொல்லலாம் புள்ளே. கைய விரிச்சவங்களுக்கு ஒரு வெலை சொல்லியே ஆகோணும். அதுதான் மொறை."

மயிலாத்தாள் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "அப்ப உங்களுக்கு வெலை தெரியல. தரகருக்கு வெலை தெரியலீன்னா ஊரு சிரிக்காதுங்களா? இத்தன நாளா உங்க கோவத்துக்குப் பயந்து சிரிக்காம இருக்கறாங்க. அதுவும் நாளைக்குக் கொறஞ்சிரும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு அந்தக் குச்சி வேண்டாங்க. உங்க கை வேணும். போங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஆறுக்குட்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியெல்லாம் ஒரு விலையைக் கட்டினார், கலைத்தார், இன்னொன்றைக் கட்டினார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு சிந்துப் பசு கால்களை அகட்டி நின்று முக்கிக்கொண்டிருந்தது, டாக்டரம்மாவின் கை தோள் வரைக்கும் உள்ளே இருந்தது.

"டாக்டரம்மா, நம்ம பேரம்..."

"அண்ணா, கயித்தப் பிடிங்க! நான் சொல்றப்ப இழுங்க!"

பிடித்தார். சொன்னபோது இழுத்தார், விடச் சொன்னபோது விட்டார், யாருடைய சொல்லுக்கும் கயிறு பிடித்துப் பழக்கமில்லாதவர். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோல் மேல் விழுந்தது, கிடேரி, மூக்கைத் துடைத்துவிட்டதும் தும்மியது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு தொட்டிக் கட்டை மேல் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். ஆறுக்குட்டி துண்டை விரித்தார்.

உள்ளங்கை மறுபடியும் முழுசாக விரிந்து வந்தது. ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு விலையைச் சொன்னார். துண்டுக்குள் சொன்ன விலையைக் கதையில்கூடச் சொல்லக்கூடாது. சந்தையில் அதுவரைக்கும் எந்தக் காளைக்கும் சொல்லாத விலை என்பது மட்டும் தெரிந்தால் போதும். டாக்டரம்மாவின் விரல்கள் சம்மதத்துக்கு மடங்க ஆரம்பித்தன. ஆறுக்குட்டி பதறிப்போய் அந்த விரல்களை மடங்கவிடாமல் பிடித்துக்கொண்டார்.

"இருங்க! ஒத்துக்காதீங்க!"

"ஏண்ணா? நீங்க சொன்ன விலை எனக்குச் சம்மதம்தான்."

"எனக்குச் சம்மதமில்லீங்க!"

"நீங்க சொன்னதுதானே?"

"நாஞ் சொன்னேன். நீங்க கொறைச்சுக் கேக்கோணும். ஒருத்தன் வெலை சொன்னா, அட, இதென்ன அநியாயம்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாங்களா? மூஞ்சியத் திருப்பிக்க வேண்டாங்களா? நாலடி எந்திரிச்சுப் போயிட்டுத் திரும்பி வர வேண்டாங்களா? அதெல்லாம் இல்லாம சரின்னா, அப்பறம் அது வெலைங்களா?" சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார். "கொறைச்சுக் கேளுங்க டாக்டரம்மா!"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். மாட்டின் கண்ணிமையை இழுத்து உள்ளே பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த விரல்களை மடக்கியிருந்தால் அந்த நொடியே குச்சி அவருடையது. ஆசைப்பட்ட ஒரே பொருள் தாசம்பாளையத்தில் அவருக்கு அதுதான். பிறகு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

"அட, இதென்ன அநியாயமா இருக்கு," என்றார்.

ஆறுக்குட்டிக்கு உயிர் வந்தது. "என்னங்க அநியாயம்?"

"நுனி தேஞ்சு போச்சு. நாலு பல் போன மாடு அது."

"பல்லா? இன்னும் கடைப்பல் மொளைக்காத உருப்படிங்க! எங்க பாத்தீங்க?"

"பிடிக்குக் கீழே ஒரு கீறல். யாரோ படியில உருட்டிவிட்டிருக்காங்க."

"உருண்டது அவன், குச்சியில்ல!"

விரல்கள் உள்ளே சண்டை போட்டன. டாக்டரம்மா எழுந்து நாலடி போனார், திரும்பி வந்தார். ஒரு விரல் இறங்கினார் ஆறுக்குட்டி, அரை விரல் ஏறினார் டாக்டரம்மா, அதையும் உடனே இறக்கினார். கொட்டகைக்குக் கோழிக்கு மருந்து வாங்க வந்தவர்கள் கோழியை மறந்து நின்றார்கள். ஆறுக்குட்டியின் மரத்துப்போன விரல் நுனிகளில் சுள்ளென்று ரத்தம் ஓடியது, எதிராளியின் கணுவில் நாடி துடிப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் டாக்டரம்மாவின் கை பேரத்தைக் கற்றுக்கொண்ட வேகம் அவருக்குப் பிடிபடவில்லை. இறங்கி, இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் ஒரு கணக்கில் வந்து நின்றுவிட்டது.

"இதுக்கு மேல?"

"ஒரு கணுகூட ஏறாதுண்ணா."

"இந்த வெலைக்கு எஞ் செவலையா?" ஆறுக்குட்டி கையை உதறிக்கொண்டு எழுந்தார். கொட்டகை அதிர்ந்தது, கன்று பயந்துபோய் எழுந்து நிற்கப் பார்த்தது. "போங்க! நாச்சிமுத்துகிட்ட ஒரு குருட்டெருமை கெடக்குது, அதைப் போய்க் கேளுங்க இந்த வெலைக்கு!"

"பேரம் முறிஞ்சுதா?"

"முறிஞ்சுதுங்க! முறிஞ்சுது!"

சந்தை முக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, குடைகளும் தூக்குப்போசிகளும் ஒன்றாக விழுந்த சத்தம், அதைத் தொடர்ந்து மனிதர்கள் போட்ட சத்தம். டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, கீழே கிடந்த துண்டை எடுத்து, ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

கிளப்பில் ஊரே கூடியிருந்தது. யாரும் ஆறுக்குட்டிக்கு வழிவிடவில்லை, இடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. "நல்லா இருந்த ஊரக் கெடுத்துப்போட்டீங்களே," என்று சம்பந்தம் பேச வந்திருந்த ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னார். "ஒரு குச்சிய நிக்க வெக்கத் துப்பில்ல," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். ராவுத்தர் போண்டா சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மாப்ளே என்றுகூடக் கூப்பிடவில்லை. செவலை மேஜை மேல் கிடந்தது. எடுத்தார், தூசியைச் சட்டையில் துடைத்தார், சுழியைக் கட்டைவிரலால் தேடினார், இருந்தது. நுனியில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு கறுப்புப் பந்துக்கு நேராகக் குனிந்தார்.

குனிந்தபோது அந்தக் கணக்கு வந்து பந்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மாவின் கை கடைசியாக நின்ற கணக்கு. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார், போகவில்லை. மரம், சுழி, தேய்ந்த நுனி, கீறல், தேயிலைத் தோட்டத்து கிளப்பின் பழைய மவுசு, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அந்தக் குச்சியின் விலை அதேதான், ஒரு கணு கூடவும் இல்லை குறையவும் இல்லை. எத்தனையோ ஆயிரம் உருப்படிக்கு விலை கட்டிய ஆறுக்குட்டிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வாங்கியிருக்க வேண்டிய டாக்டரம்மா, குச்சியை அவரிடமே திருப்பிவிடுவதற்காகவே இறங்கி இறங்கி வந்தார் என்பதும், அப்படி இறங்கியவர் சரியான விலைக்குக் கீழே மட்டும் ஒரு கணு இறங்கவில்லை என்பதும் ஒன்றாகப் புரிந்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கை நிதானமாக இருந்தது.

அடித்தார். கறுப்புப் பந்து குழிக்குள் போய் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கத் தரையில் குனிந்து, குவியலில் அவரவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆறுக்குட்டி குச்சியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் மாட்டாஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். எதிரே வந்த நாச்சிமுத்து அவருடைய வெறும் தோளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மறுபடியும் பேரத்துக்கா? துண்டு எங்க?" என்று கேட்டார்.

"வெலை தெரிஞ்சுபோச்சு, இனிப் பேரமெதுக்கு? துண்டு கன்னுக்குட்டி மேல கெடக்குது," என்று சொல்லிவிட்டு, செவலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆறுக்குட்டி போய்க்கொண்டே இருந்தார்.